பிளேக்: எலியைப் பார்த்துப் பயந்து தெள்ளை மறக்கும் தவறுகள்

புறக்கோட்டைப் பக்கம் கடைக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால், பிளேக் வரப்போகிறது என்று பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெள்ளைக்காரன் காலத்து வருத்தம், இப்போது எங்கே என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் யாருக்கும் பிளேக் வந்ததாகப் பதிவாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால், பயப்படுபவர்களைச் சமாதானப்படுத்திவிடலாம். சிரிப்பவர்களுக்குத்தான் கணக்குச் சொல்ல வேண்டும். 2010 முதல் 2015 வரை உலகில் 3,248 பேருக்குப் பிளேக் கண்டிருக்கிறது, அவர்களில் 584 பேர் இறந்தார்கள். 2017இல் மடகஸ்காரில் சில மாதங்களுக்குள் 2,400க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள், 209 பேர் இறந்தார்கள். அந்த முறை பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும் வகைதான் பரவியது. அதற்கு எலியும் வேண்டாம், தெள்ளும் வேண்டாம். நோயாளியின் இருமல் துளியே போதும்.

எலிக்காய்ச்சலையும் பிளேக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அடுத்த பிழை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்தது எலிக்காய்ச்சல். எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருந்து, காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக அந்தக் கிருமி உள்ளே போகிறது. பிளேக் முக்கியமாக எலித்தெள்ளின் கடியால் வருவது. வயலில் இறங்குபவருக்குக் கொடுக்கும் புத்திமதியைத் தானியக் கடைக்காரருக்குக் கொடுத்துப் பயனில்லை.

தெள்ளுதான் கடத்துகிறது என்பதை 1898இல் கராச்சியில் வைத்துக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சிமோன். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுகள் அதை விட்டு அடுத்த சூட்டைத் தேடும். அதனால் பிளேக் உள்ள இடத்தில் எலிக்கு மட்டும் நஞ்சு வைத்தால், பசியோடு இருக்கிற தெள்ளுகளை மனிதர் பக்கம் விரட்டிவிட்டதாகவே முடியும். முதலில் தெள்ளுக்கு மருந்து, அப்புறம்தான் எலிக்கு. செத்த எலியை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது.

கொழும்புக்கு இந்த நோய் வந்தது 1914இல். ஹொங்கொங்கில் 1894இலும் பம்பாயில் 1896இலும் தலைகாட்டி, துறைமுகம் துறைமுகமாக ஏறி இறங்கி இங்கே வந்தது. மாநகரசபையில் நுண்ணுயிரியலாளராக இருந்த ஹேர்ஸ்ட் என்பவர் எலிகளைப் பிடித்து, அவற்றின் மேல் இருந்த தெள்ளுகளை இனம் பிரித்துப் பார்த்தார். நோயை நன்றாகக் கடத்தும் இனம் புறக்கோட்டையின் தானியக் களஞ்சியங்களைச் சுற்றியே அதிகம் இருந்தது. நகரின் மற்றப் பகுதிகளில் இருந்தது அவ்வளவாகக் கடத்தாத வேறொரு இனம். என்னைக் கேட்டால், கொழும்புப் பிளேக் கதையிலேயே முக்கியமான இடம் இதுதான். நோய் போன பாதை அரிசி மூட்டை போன பாதை. அந்த மூட்டையைச் சுமந்த நாட்டாமியும் கணக்கெழுதிய கடைப்பையனும் அகப்பட்டது அவர்கள் நின்ற இடத்தால்தான். சாதிக்கும் மதத்துக்கும் அதில் வேலை இல்லை.

இதைத்தான் நாம் திரும்பத் திரும்ப மறக்கிறோம். நோய் வந்தால் பாதையைத் தேடாமல் ஆளைத் தேடுகிறோம். 1349இல் ஐரோப்பாவில் யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்ததால்தான் கொள்ளைநோய் வந்தது என்று சொல்லி ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் அவர்களை உயிரோடு எரித்தார்கள். 2020இல் நம் நாட்டில், கொவிட்டால் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளான குழந்தையின் உடலும் அவற்றில் ஒன்று. 2021இல்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2024 ஆனது. ஏறத்தாழ 670 ஆண்டுகள் கழித்தும் பழி சுமத்தத் தண்ணீர்தான் கிடைத்திருக்கிறது, பாருங்கள்.

தோட்டத் தொழிலாளர் கதையும் இந்த வகைதான். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி, சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். நோய்த்தடுப்பு என்ற வகையில் அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கெடுபிடி ஏழைக்கு இருந்த அளவுக்குப் பணக்காரப் பயணிக்கு இருக்கவில்லை.

கெடுபிடி கூடினால் நோய் குறையும் என்று நினைப்பதும் தவறு. 1897இல் புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து தேடினார்கள். சனம் நோயாளிகளை ஒளித்தது. கோபம் முற்றி, பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டார்கள். அதே ஆண்டு இலங்கையில் வந்த தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தைத்தான் கொவிட் காலத்திலும் எடுத்துப் பிடித்தார்கள். வாசலில் நோட்டீஸ் ஒட்டி, பக்கத்து வீடுகள் வேடிக்கை பார்க்க ஆளை ஏற்றிக்கொண்டு போனால், அடுத்த வீட்டுக்காரர் காய்ச்சலை வெளியே சொல்லமாட்டார்.

ஓடுவதிலும் ஆபத்து இருக்கிறது. 1994இல் சூரத்தில் நோய் என்றதும் லட்சக்கணக்கானோர் ரயிலேறிவிட்டார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். வியாபாரத்துக்கு விழுந்த அடி அதைவிடப் பல மடங்கு பெரியது.

மருந்து விஷயத்தில் இரண்டு பிழைகள். ஒன்று, பாணி, கசாயம் என்று நாளைக் கடத்துவது. 2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். பிளேக் பக்டீரியாவால் வருவது, அதற்கு மருந்து உண்டு. மருந்து இல்லாவிட்டால் நெறிகட்டும் வகையில் 100 பேரில் 30 முதல் 60 பேர் வரை இறக்கலாம், நுரையீரல் வகையில் தப்புவது அரிது. இரண்டாவது பிழை, பார்மசியில் அன்டிபயோடிக் வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துவது.

பிளேக் உள்ள நாட்டுக்குப் போய் வந்து ஒரு வாரத்துக்குள் காய்ச்சலும் கவட்டிலோ அக்குளிலோ நோகும் வீக்கமும் கண்டால், அல்லது இருமலில் இரத்தம் வந்தால், டொக்டரிடம் முதலில் பயணத்தைச் சொல்லுங்கள். காய்ச்சலை மட்டும் சொன்னால், கொழும்பில் அவர் முதலில் டெங்குவுக்குத்தான் இரத்தம் எடுப்பார்.