எம்சிபி விழலையே, பொறவு என்னன்னு கேக்காதீங்க: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல நம்ம பக்கம் நடக்குத தப்புக

திருநெல்வேலி டவுன், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் பழைய வீடுகள பாத்தீங்கன்னா தார்சாவுல ஒரு லைட்டு, பட்டாசல்ல ஒரு ஃபேன், அடுக்களையில ஒரு லைட்டும் ஒரு பிளக் பாயிண்டும், அம்புட்டுதான் அந்த காலத்து வயரிங். இப்ப அதே அடுக்களையில மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ், இண்டக்ஷன் அடுப்பு, கெட்டில்னு வரிசையா வந்து நிக்கு, பாயிண்ட் மட்டும் ஒண்ணு கூட கூடல. அதனால எல்லா வீட்டுலயும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கெடக்கு. அது தப்பில்ல. போன் சார்ஜர், டிவி, லேப்டாப்னா தாராளமா போடலாம். சூடு பண்ணுத சாமானும் மோட்டார் ஓடுத சாமானும் அதுல ஏறும்போதுதான் வெனை.

இத சொன்னா உடனே ஒரு பதில் வரும், "எம்சிபி இருக்குல்லா, ஓவர்லோடு ஆனா விழுந்திரும்லா"ன்னு. எல்லா தப்புக்கும் இதான் மூலம். எம்சிபின்னா போர்டுல இருக்க, கரண்ட் அளவுக்கு மீறுனா தானா விழுந்து லைன ஆஃப் பண்ணுத சுவிட்ச். அது உங்க பாக்ஸ் ஒயருக்கு காவல் இல்ல, சுவத்துக்குள்ள ஓடுத ஒயருக்குதான் காவல். பெரிய பிளக் பாயிண்டுக்கு உள்ள 2.5 ஸ்கொயர் எம்எம் தடிச்ச ஒயர் ஓடும், போர்டுல 16 ஆம்ப்ஸ் எம்சிபி இருக்கும், சில வீட்டுல 20 கூட இருக்கும். நீங்க கடையில வாங்குன சாதா பாக்ஸ்ல இருக்கது 0.5 இல்ல 0.75 ஸ்கொயர் எம்எம் மெல்லிசு ஒயர், பின்னு தாங்குதது 6 ஆம்ப்ஸ்தான். அதுல 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்ப போட்டா கிட்டத்தட்ட 8.7 ஆம்ப்ஸ் ஓடும், எம்சிபி கணக்குல அது பாதி லோடு, அது ஏன் விழணும்? இன்னொண்ணும் இருக்கு, 16 ஆம்ப்ஸ் எம்சிபி 16ஐ தாண்டுன உடனே விழுத சாதனம் கெடையாது. 18 ஆம்ப்ஸ் வரைக்கும் ஒரு மணி நேரம் விழாம நிக்கணும், 23 ஆம்ப்ஸ் ஓடுனா ஒரு மணி நேரத்துக்குள்ள விழுந்தா போதும், அதோட ஸ்டாண்டர்டே அப்படித்தான். அதுக்குள்ள 6 ஆம்ப்ஸ் பாக்ஸ் என்ன கதியாவும்னு நீங்களே யோசிச்சு பாருங்க.

கணக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. சாமானுக்கு பின்னாடி ஸ்டிக்கர்ல வாட்ஸ் போட்டுருக்கும், அத 230ஆல வகுத்தா ஆம்ப்ஸ். 6 ஆம்ப்ஸ் பின்னுக்கு உச்சம் 1380 வாட்ஸ்தான். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்ப்ஸ், தனியா போட்டா தப்பிச்சிரும். 1500 வாட்ஸ் கெட்டில் 6.5, அதுவே தாண்டியாச்சு. அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் ஒரே பாக்ஸ்லன்னா ஏறக்குறைய 11. பாக்ஸ்ல நாலு ஓட்டை இருக்குன்னா நாலு சாமான் போடலாம்னு அர்த்தமில்ல, நாலுக்கும் சேத்துதான் அந்த 6. சில பாக்ஸ்ல 6 ஆம்ப்ஸ் பின்ன வச்சுக்கிட்டு மேல "2500 வாட்ஸ்"னு ஸ்டிக்கர் ஒட்டி விக்காவ, அத நம்பாதீங்க, பின்ன பாருங்க.

அடுத்தது கன்வர்ட்டர் பின். எனக்கு பாத்தாலே எரிச்சல் வருத சாமான் இது. பெரிய சாமானோட தடிச்ச பின்னு சின்ன சாக்கெட்டுல நுழையாதுல்லா, "இங்கன என்ன மாட்டாத"ன்னு சொல்லுததுக்காகவே அத அப்படி செஞ்சு வச்சிருக்கு. நம்ம ஆளுக கடையில போயி ஒரு கன்வர்ட்டர் வாங்கி அந்த காவலையே கழட்டி போட்டுருதாவ.

ஒயர விட சாக்கெட்டுக்குள்ளதான் அதிகம் கருகும். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. பின்னு லூசா இருந்து அந்த எடத்துல வெறும் 0.3 ஓம் தடை வந்துட்டா 9 ஆம்ப்ஸ் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில மட்டும் 24 வாட்ஸ் சூடு, ஒரு சின்ன சோல்டரிங் அயர்ன பிளாஸ்டிக்குக்குள்ள சொருகி வச்ச மாதிரி. சூடாவ சூடாவ உள்ள தகடு தளந்து இன்னும் லூசாவும், இன்னும் சூடாவும். எல்லா பின்னும் நுழையுத மாதிரி ஓட்டை வச்ச பாக்ஸ்ல இந்த லூசு கூடுதல். சாக்கெட்டு ஓரம் பழுப்பேறிருக்கு, கருகுன வாடை வருது, சரசரன்னு சத்தம் கேக்குன்னா அந்த சவத்த தூக்கி எறிஞ்சிருங்க. இன்சுலேஷன் டேப்ப சுத்தி இன்னும் ஒரு வருசம் ஓட்டலாம்னு பாக்காதீங்க.

ஒயர சுருட்டி வைக்குத பழக்கமும் விடணும். நீளமான ஒயர சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு பீரோ பின்னாடி தள்ளிட்டு அதுல ஹீட்டர் ஓட்டுனா சூடு வெளிய போவ வழியில்ல, சாதா பிவிசி தாங்குதது 70 டிகிரி வரைக்கும்தான். லோடு ஏத்துனா முழுசா பிரிச்சு போடுங்க. காலு தட்டுதுன்னு பத்தமடை பாயிக்கு அடியில விடுததும் இதே கததான், மேல ஆளு நடந்து நடந்து உள்ள இழை அறுந்துக்கிட்டு இருக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது. பாக்ஸுல இன்னொரு பாக்ஸ மாட்டி அதுல இன்னொண்ணு, அத பத்தி சொல்லவே வேண்டாம்.

மார்கழி வந்துட்டா வெந்நி ராடு. பாளையங்கோட்டையில ரூம் எடுத்து படிக்குத பிள்ளைய பாதி பேரு இத வச்சுதான் குளிக்கு. 1500 வாட்ஸ் ராடு, ரெண்டு கோர் ஒயர் பாக்ஸ், ஈர தரை, இரும்பு வாளி, இதுக்கு மேல ஒண்ணு வேணுமா? ரெண்டு கோர்னா உள்ள ரெண்டே ஒயர்தான், லீக் ஆவுத கரண்ட மண்ணுக்கு கொண்டு போவுத எர்த்தே இல்ல, மூணு பின் சாக்கெட்டா இருந்தாலும் அந்த மேல் ஓட்டை சும்மா அழகுக்குத்தான். ராடுல லீக் ஆனா கரண்ட் தண்ணி வழியா உங்க மேலதான் வரும். குளிக்குத ரூமுக்குள்ள பாக்ஸே கூடாது. சுவிட்ச ஆஃப் பண்ணி, பின்ன புடுங்கிட்டு, பொறவுதான் தண்ணிய தொட்டு பாக்கணும். போர்டுல 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா உடனே ஆஃப் பண்ணுத சுவிட்ச்) இருந்தா உசுருக்கு ஒரு காப்பு, ஆனா அது ஓவர்லோட பாக்காது, ரெண்டும் வேற வேற வேலை.

மோட்டாருக்கு வேற ஒரு குணம். ஸ்டார்ட் ஆவும்போது ஓடுத கரண்ட விட அஞ்சாறு மடங்கு இழுக்கும். சாயங்காலம் வோல்டேஜ் கம்மியா இருக்க ஊர்ல முற்றத்துக்கு மெல்லிசு ஒயர நீளமா இழுத்து மோட்டார் போட்டா ஒயர்லயும் கொஞ்சம் வோல்டேஜ் போயிரும், மோட்டார் சுத்த மாட்டாம உறுமிக்கிட்டே கெடக்கும், காயில் எரிஞ்சிரும். கோயில் கொடை திருவிழாவுக்கு ஒயர உரிச்சு சாக்கெட்டுல சொருகி தீக்குச்சி வச்சு இறுக்குதாவளே, அதயும் நிறுத்துங்கய்யா.

கட்டாயம் வேணும்னா என்ன வாங்க? பின்னும் சாக்கெட்டும் 16 ஆம்ப்ஸ், ஒயர் மூணு கோர் காப்பர் 1.5 ஸ்கொயர் எம்எம், ஒயர் மேலயே எழுதிருக்கும், ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, எவ்வளவு நீளம் வேணுமோ அவ்வளவுதான். அதுலயும் ஒரு நேரத்துக்கு ஒரு சாமான். 20 நிமிசம் ஓட்டி, ஆஃப் பண்ணி பின்ன தொட்டு பாருங்க, இளஞ்சூடு பரவால்ல, கை வைக்க முடியலன்னா வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்துல தண்ணியில கெடந்த பாக்ஸ காய வச்சு இன்னும் வச்சிருக்கவுக அத தூர போடுங்க, உள்ள சேறும் துருவும் அப்படியேதான் இருக்கும்.

ஏசிக்கும் கீசருக்கும் பாக்ஸே வேண்டாம், எந்த பாக்ஸும் வேண்டாம். 3000 வாட்ஸ் கீசர் 13 ஆம்ப்ஸ், ஏசி ராத்திரி பூராவும் ஓடும். போர்டுல இருந்து தனி லைன், தனி எம்சிபி. வாடகை வீடுன்னா வீட்டுக்காரவகிட்ட கேளுங்க, "நீங்களே போட்டுக்கிடுங்க"ன்னுதான் பெரும்பாலும் சொல்லுவாவ. அப்படி போடும்போது எலக்ட்ரீசியன் அண்ணாச்சி லைனும் நியூட்ரலும் மட்டும் இழுத்துட்டு எர்த்த விட்டுட்டு போயிராம பக்கத்துலயே நின்னு பாத்துக்கிடுங்க.