மனைவியின் லப்டொப், கணவனின் போன்: ஒளித்துப் பார்ப்பவர்கள் விடும் பிழைகள்

"நான்தானே வாங்கிக் குடுத்தனான், பார்த்தால் என்ன?" யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலான பிழைகளுக்கு இதுதான் அத்திவாரம்.

இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், காசு கொடுத்தது யார் என்பதை விட, உள்ளே நுழைய அதிகாரம் இருந்ததா என்பதைத்தான் பார்க்கிறது. அதிகாரம் இல்லையென்று தெரிந்தே ஒரு கணினிக்குள்ளோ அதிலுள்ள தகவலுக்குள்ளோ நுழைய முற்படுவது 3 ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். கணவன் மனைவிக்கு விலக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை.

சிலர் தேசவழமையை இழுப்பார்கள். அது யாழ்ப்பாணத் தமிழரின் காணி, சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பின் தேடிய சொத்து) பற்றிய வழமை. இமெயில் பாஸ்வேர்டுக்கு அதில் இடமில்லை.

நான் மிகவும் பயப்படுவது ஒளித்துப் போடும் மென்பொருளுக்குத்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டில் கணவன் கடைக்காரப் பெடியனைப் பிடித்து மனைவியின் லப்டொப்பில் கீலொக்கர் (தட்டுவதையெல்லாம் பதிந்துவைக்கும் மென்பொருள்) போடுவித்தார். மனைவி வங்கிக்கணக்கைத் திறந்தது, அம்மாவுக்கு எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்தது, எல்லாம் எழுத்து எழுத்தாகப் பதிவானது. போகிற வருகிற தகவலை இடைமறிப்பது 8 ஆம் பிரிவில் தனிக் குற்றம். சிறை என்றால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை. உடந்தையாக நின்ற பெடியனும் மாட்டுவான்.

"நான் ரொறொன்ரோவில இருக்கிறன், என்னை என்ன செய்வினம்?" என்பது அடுத்த பிழை. குற்றம் செய்பவர் நாட்டுக்கு வெளியே இருந்தாலும் சட்டம் பொருந்தும் என்று 2 ஆம் பிரிவே சொல்கிறது.

விவாகரத்துக்குச் சான்று தேடுகிறவர்கள் முதலில் சட்டத்தரணியைப் பாருங்கள். களவாக எடுத்த ஸ்கிரீன்ஷொட்டோடு மாவட்ட நீதிமன்றப் படியேறினால், சோரம் போனதை நிரூபிக்கப் போய் உங்கள் மேலேயே முறைப்பாடு வரலாம். அதைச் சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவில் போடுவது இன்னும் மோசம்.

சரி, கண்காணிக்கப்படுவது நீங்கள் என்றால்? பதறிப்போய் போனை ரீசெட் பண்ணாதீர்கள், சான்று அழிந்துவிடும். நம்பிக்கையான வேறொருவரின் போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அடி, மிரட்டலும் சேர்ந்திருந்தால் 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அதையும் உங்கள் போனிலிருந்து எடுக்காதீர்கள்.