தோள்பட்டை வலி: ஸ்கேனுக்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனை

தோள்பட்டை வலி என்று வருபவரை உடனே ஸ்கேனுக்கு அனுப்பிவிடும் பழக்கம் முதல்நிலை மருத்துவத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் உண்டு. 60 வயதைக் கடந்தவர்களில் வலியே இல்லாதவர்களுக்கும் தோள் தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நாரில்) கிழிசல் தென்படுவது சகஜம் என்பதால், ஸ்கேனில் தெரியும் கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

முதலில் ஆபத்தான காரணங்களை விலக்குங்கள். அடிபட்டு மூட்டின் வடிவம் மாறியிருந்தாலோ, காய்ச்சலுடன் மூட்டு சிவந்து வீங்கியிருந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தோளை எப்படி அசைத்தாலும் வலி கூடாமலும் குறையாமலும் இருந்தால், நெஞ்சையும் வயிற்றையும் கவனியுங்கள். இதயக் கோளாறும் பித்தப்பை அழற்சியும் தோளில் வலியைக் காட்டக்கூடும்.

அடுத்து, கழுத்தைத் திருப்பச் சொல்லுங்கள். அப்போது அதே வலி எழுந்தால், கோளாறு பெரும்பாலும் கழுத்தில்தான்.

மூன்றாவது படிதான் முக்கியமானது. நோயாளி முழங்கைகளை விலாவோடு ஒட்டி, 90 பாகை மடித்து, முன்கைகளைத் தாமாகவே வெளிப்புறம் திருப்பட்டும். பிறகு நீங்கள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். முழங்கை விலாவை விட்டு விலகினால் அசைவு உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும் என்பதால், மற்றொரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்வது அவசியம். இரண்டு விதத்திலும் அசைவு குறைந்திருந்தால் அது உறைந்த தோளாகவோ (மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போகும் நிலை) மூட்டுத் தேய்மானமாகவோ இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எக்ஸ்ரே போதும். 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர், அதிலும் சர்க்கரை நோயாளி என்றால், உறைந்த தோளையே முதலில் நினைக்கலாம். (வலிப்புக்குப் பிறகு இப்படி இறுகியிருந்தால் மூட்டு பின்புறமாக நழுவியிருக்கிறதா என்பதையும் எக்ஸ்ரேயில் பாருங்கள், எளிதில் தவறவிடப்படுவது இது.) நீங்கள் திருப்பும்போது தடையில்லாமல் திரும்பி, கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது 60 முதல் 120 பாகைக்குள் வலித்தால், தசைநாண் சார்ந்த வலி என்று கொள்ளலாம்.

தசைநாண் வலிக்கு வலிநிவாரணியும் படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியுமே முதல் சிகிச்சை. பயன் தெரியக் குறைந்தது 6 வாரங்கள் ஆகும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், பாதியில் விட்டுவிடுபவர்கள் குறைவார்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு அடுத்த சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறும் என்று எச்சரித்துவிட்டுத்தான் போட வேண்டும். அடிபட்ட பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போனவருக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. தசைநாண் முழுமையாக அறுந்திருக்கலாம் என்பதால் அவரைத் தாமதமின்றி எலும்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.