ட்ரீஸ் பேண்டோட முதல் ஆல்பம் கேக்குறப்ப இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

1970ல வந்த 'தி கார்டன் ஆஃப் ஜேன் டெலானி', பழைய நாட்டுப்பாட்டுகளை எலக்ட்ரிக் கிட்டாரோட பாடுன இங்கிலாந்து பேண்ட் ட்ரீஸோட முதல் ஆல்பம். எனக்கு ரொம்ப பிடிச்ச ரெக்கார்டு, அதனால யாராவது பாதியிலயே நிறுத்திட்டேன்னு சொன்னா மனசு கேக்க மாட்டேங்குது.

நிறைய பேர் பண்ற தப்பு, கிட்டார் எப்ப வரும்னு பாட்டை தள்ளித் தள்ளி ஓட்டுறது. 'ஷி மூவ்ட் த்ரூ த ஃபேர்' கிட்டத்தட்ட 8 நிமிஷம், சீலியா ஹம்ஃப்ரிஸ் கொஞ்சம் கூட அவசரப்படாம பாடுவாங்க. கல்யாணம் பேசி வச்ச பொண்ணு சந்தைக்குள்ள நடந்து போறா, கடைசியில ஒரு ராத்திரி காலடிச் சத்தமே இல்லாம அவளைக் கட்டிக்கப் போறவன்கிட்ட வந்து நம்ம கல்யாண நாள் சீக்கிரம் வந்துரும்னு சொல்றா, அவ உயிரோட இல்லைன்னு நமக்கு அப்பதான் உறைக்கும். இந்தக் கதையை விட்டுட்டு கேட்டா பேரி கிளார்க்கோட எலக்ட்ரிக் கிட்டார் வெறும் நீளமான ஜாம்தான், அதாவது மனசுக்கு வந்தபடி வாசிச்சிட்டே போறது. கதையோட கேட்டுப் பாருங்க, அவன் மனசு அலையுறது அப்படியே அந்த கிட்டார்ல கேக்கும்.

அப்புறம் எல்லாத்தையும் இங்கிலாந்து நாட்டுப்பாட்டுன்னு மொத்தமா சொல்லிடக்கூடாது. இப்ப சொன்ன பாட்டு அயர்லாந்துது. 'தி கிரேட் சில்க்கி' ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்குற ஆர்க்னி தீவுகளோட கதை, கடல்ல சீல்ங்குற கடல்நாய், கரைக்கு வந்தா மனுசன், அவனுக்குப் பொறந்த புள்ளையை ஒரு பொண்ணு தாலாட்டிட்டு இருப்பா. டைட்டில் பாட்டையும் பழசுன்னு நினைச்சிடாதீங்க, அது பேண்ட்ல பேஸ் கிட்டார் வாசிச்ச பயஸ் பாஷெல் எழுதுனது, பின்னாடி பிரெஞ்சுப் பாடகி ஃப்ரான்ஸ்வாஸ் ஆர்டி கூட பாடியிருக்காங்க.

இதே மாதிரி நாட்டுப்பாட்டை எலக்ட்ரிக் கிட்டாரோட பாடுன இன்னொரு இங்கிலாந்து பேண்ட் ஃபேர்போர்ட் கன்வென்ஷன், ட்ரீஸை அவங்க காப்பின்னு சொல்றதும் சரியில்ல. அவங்க 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பம் 1969 டிசம்பர்ல வந்துச்சு, இவங்க அடுத்த வருஷம், பாதிப்பு இருக்கு, நான் மறுக்கல. ஆனா பாட்டை பிடிச்ச பிடியில வச்சுக்காம அது போற போக்குக்கு விட்டு கூடவே போற தைரியம் ட்ரீஸோடது.

போன் ஸ்பீக்கர்ல மட்டும் போட்டுடாதீங்க. டேவிட் காஸ்டாவோட அகூஸ்டிக் கிட்டார் பின்னாடி மெல்லிசா ஓடிட்டே இருக்கும், ஹெட்போன் மாட்டுனா எலக்ட்ரிக் கிட்டார் எங்கெங்கயோ சுத்துறப்ப கூட அடியில அது பாட்டுக்கு பாட்டைப் பிடிச்சு வச்சிருக்குறது கேக்கும்.