கேமரா அப்புறம் வாங்கலாம்

ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்துக்குப் போகும்போதெல்லாம், பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு யாராவது ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொள்வார். "இவளுக்கு நிருபர் ஆகணுமாம் அக்கா. என்ன கேமரா வாங்கித் தரலாம்?"

தில்லியில் 18 வருடமாகச் செய்தி எழுதுகிறேன். கேமரா இப்போது வேண்டாம். கையில் இருக்கிற போன் போதும், சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று மட்டும் வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் பழக வேண்டியது ஆவணம் படிப்பது. தில்லியில் இருப்பவர்களுக்கு இதற்கு நாடாளுமன்றத்தைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது. கூட்டத்தொடர் நடக்கும்போது மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாத கேள்விகளும் பட்டியலாகும். முதல் வகைக்கு அமைச்சர் அவையில் பதில் சொல்வார், இரண்டாம் வகைக்கு எழுத்தில் வரும். அந்தப் பதில்கள் மக்களவை இணையதளத்தில் பிடிஎஃப்பாக இருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டிவியில் நாம் பார்ப்பது கூச்சலை. நல்ல செய்தி பல நேரம் பதிலின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் இருக்கும். தமிழ்நாடு என்ற வரியைத் தேடுங்கள். ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று பாருங்கள். இதே கேள்விக்குப் போன வருடம் என்ன பதில் சொன்னார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே ஒரு செய்தி இருக்கிறது. தினம் ஒரு பதிலை எடுத்து 150 வார்த்தையில் தமிழில் எழுதுங்கள், ஒரு மாதம் விடாமல். எண்ணை மாற்றி எழுதும்போது கவனம்: 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி. மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் கொடுத்தாலும் எண்களையும் ஊர்ப் பெயர்களையும் நீங்களே மூலத்தோடு சரிபாருங்கள்.

அடுத்தது ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய அரசு அலுவலகம் என்றால் இணையத்திலேயே மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், காரணம் சொல்ல வேண்டியதில்லை, 30 நாளில் பதில் தர வேண்டும். புதிதாகப் போடுபவர்கள் "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் உருப்படியான பதில் வராது, ஏனென்றால் சட்டம் தருவது பதிவேட்டில் இருக்கும் தகவலை. "இந்தச் சாலைக்கான வேலை உத்தரவின் நகல், கொடுத்த தொகைக்கான பில் நகல்" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விடாதீர்கள், முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

இனி, நான் தவறு செய்த இடம். 2023 ஜூலையில் தில்லியின் பழைய ரயில் பாலத்தில் யமுனை வெள்ளம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978 வெள்ளத்தின் 207.49 மீட்டரையும் தாண்டிவிட்டது. அந்த ராத்திரி ஒரு பேருந்து மூழ்குகிற வீடியோ எனக்கு வந்தது. அவசரத்தில் அலுவலகத்தில் செய்தியைச் சரிபார்த்து வெளியிடும் டெஸ்க்குக்கு அனுப்பினேன், அவர்களும் போட்டுவிட்டார்கள். அது வேறு மாநிலத்தில், வேறு வருடம் எடுத்தது. கடைப் பலகையில் குஜராத்தி எழுத்து இருந்ததை நான் பார்க்கவே இல்லை. திருத்தம் போட்டோம். ஆனால் அதற்குள் எத்தனை பேர் பயந்து வீட்டுக்குப் போன் செய்தார்களோ, அது இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து எந்த வீடியோ வந்தாலும் நாலைந்து இடத்தில் நிறுத்தி, அந்தப் படங்களை இணையத்தில் போட்டுத் தேடுவேன். பலகை எழுத்து, வண்டி நம்பர் பலகை, நிழல் எல்லாம் பார்ப்பேன். கடைசியாக அந்தப் பகுதியில் இருக்கும் ஒருவருக்குப் போன் போடுவேன். பத்து நிமிடம் ஆகும்.

அந்தப் போனை எடுக்க ஆள் வேண்டுமே? அதற்கு நேரில் போய்ப் பழகியிருக்க வேண்டும். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பை இடித்தபோது புல்டோசரை எல்லாரும் படம் எடுத்தார்கள். சுமார் 370 வீடுகள், தலைமுறைகளாக இருந்த நம் ஜனங்கள். தில்லியின் வடகோடியில் இருக்கும் நரேலாவில் எல்லாருக்கும் மாற்று வீடு கிடைக்கவில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: பட்டியலில் பெயர் உண்டா, எந்த ஆவணத்தை வைத்து முடிவு செய்தார்கள், தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வரும். நீதிமன்ற உத்தரவைப் படித்து அதை எளிய தமிழில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. இதற்குத்தான் நிருபர். அங்கே வீட்டுக்குள் தமிழ் வேண்டும், அலுவலகத்தில் இந்தி வேண்டும். இரண்டையும் பேசப் பழகுங்கள்.

மற்றவை சுருக்கமாக. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டச்சு கற்றுக்கொள்ளுங்கள், யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். பேட்டியின் மூல ஒலிப்பதிவை அழிக்காதீர்கள், இரண்டு இடத்தில் வையுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடாதீர்கள், பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) என்ற குற்றவியல் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி அது குற்றம். படிப்பு என்றால் 1965இல் தொடங்கிய ஐஐஎம்சி என்ற இதழியல் கல்வி நிறுவனம் இங்கேயே இருக்கிறது, இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் மேலே சொன்ன எதையும் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

அடுத்த முறை சங்கத்தில் பார்க்கும்போது, உங்களுக்கு வந்த முதல் ஆர்டிஐ பதிலை எடுத்து வாருங்கள். கேன்டீனில் உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.