சாமி காட்டுக்குள்ளே இருந்தால்

நெல்லைப் பக்கம் குலதெய்வம் உள்ள வெளிநாட்டுவாசிகள் ஊருக்கு டிக்கெட் எடுக்கும் முன்பே ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: உங்கள் சாஸ்தா எங்கே இருக்கிறார்? அங்குள்ள களக்காடு முண்டந்துறைக் காடு 1988இலேயே புலிகள் காப்பகமாகிவிட்டது. உள்ளே பெரிய கோயில் என்றால் ஆடி அமாவாசைக்குச் சோதனைச்சாவடி வழியாக விடுவார்கள். எங்கள் சாஸ்தாவுக்கு ஒரு மரமும் ஒரு பீடமும்தான். கோடையில் கேட்கவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாண்ட பிறகு கெடுபிடி கூடிவிட்டது.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. "நம்ம சாமிய நாம கும்பிட எவன்டே சீட்டு குடுக்கணும்?" என்றார். நான் காட்டுக்குள் போக அனுமதிச் சீட்டு கேட்டு அலைந்தேன். வனத்துறை அலுவலகத்தில் கோயில் நிர்வாகத்தின் கடிதம் கேட்டார்கள். எங்கள் சாமிக்குப் பெரியப்பாதான் நிர்வாகம். அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் ரேஞ்சர் ரவுண்ட்ஸ் போயிருந்தார். வந்தவர் மேலே மனு கொடுக்கச் சொன்னார். மேலே, கீழேயிருந்து அறிக்கை வரட்டும் என்றார்கள். கீழே, மேலேயிருந்து கடிதம் வரட்டும் என்றார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எரிச்சலோடு வேறொன்றும் உறுத்தியது. அப்பாவின் கடைசிப் பங்குனி உத்திரத்துக்கு நான் வரவில்லை. பெரியப்பா அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சீட்டு வரவில்லை. நான் மறுத்தும் கேளாமல் பெரியப்பா சித்தப்பா மகனின் ஜீப்பில் பழைய வண்டித்தடம் வழியாகப் புறப்பட்டுவிட்டார். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் மடக்கினார்கள். ஜீப்பை நிறுத்திவைத்து, எல்லோரையும் சாயங்காலம் வரை உட்காரவைத்தார்கள். காப்பகத்தின் வெளிமண்டலத்தில் (பஃபர்) பிடிபட்டதால், வழக்கு நடத்தாமல் பணம் கட்டி முடிக்கும் இணக்கக் கட்டணத்தோடு முடிந்தது. கட்டியது நான். "டாலர்லதானடே சம்பாதிக்கே!" என்றார் பெரியப்பா.

சரி, சட்டத்துக்கு வருவோம். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 27ஆம் பிரிவு தடுக்கிறது. பொதுச் சாலை வழியாகக் கடந்து போகலாம். வண்டியை ஓரங்கட்டிக் காட்டுக்குள் இறங்குவது வேறு கதை. 51ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2022 திருத்தத்துக்கு முன் அபராதம் 25 ஆயிரம் வரைதான். உறவினர்கள் இன்னும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். புலிகள் காப்பகத்தின் உள்மண்டலத்தில் (கோர்) குற்றம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை. குறைந்தபட்சச் சிறை வைத்திருக்கும் குற்றத்தைப் பணம் கட்டி முடிக்க முடியாது. நேராகக் கோர்ட்டுதான்.

ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு, இன்னொன்று உண்டு. 7 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலே அட்டையை ரத்து செய்யலாம் என்று 2025இல் உள்துறை அமைச்சகம் அறிவித்திருக்கிறது. "யாரு கேக்கப் போறா" என்று உறவுக்காரர் சொல்வது அவருக்குச் சரியாக இருக்கலாம். அவர் விமானம் ஏற வேண்டியதில்லையே.

கட்டணம் கட்டினால் எந்தப் பிரிவு என்று எழுதிய ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

பெரியப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சீட்டு கேட்டுப் போய் அவர்களை உஷார்ப்படுத்தியதே நான்தானாம்.