பார்க்கும் முன்பே முடிந்துவிடும் பார்வை: சமகாலக் கலைக்கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமகாலக் கலைக்கூடத்திலிருந்து வெளியே வருகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும்: "நன்றாக இருந்தது", "ஒன்றும் புரியவில்லை". இரண்டும் தீர்ப்புகள். உள்ளே என்ன இருந்தது என்பது இரண்டிலும் இல்லை. வாசலில் வைத்திருக்கும் பார்வையாளர் குறிப்பேட்டைப் புரட்டினாலும் இதே கதைதான். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. முதல்முறை உள்ளே நுழைந்தவரின் கண்ணுக்குப் படுவது, பழகிய விமர்சகரின் கண்ணுக்குப் படாமலே போகலாம். அந்தக் கண்ணை அவரே நம்பாமல், ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் முந்திக்கொண்டு முடிவு சொல்லிவிடுகிறார். பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இந்தப் பயம்தான்.

அதன் முதல் விளைவு அவசரம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தில் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு படைப்பின் முன் பார்வையாளர்கள் நின்ற நேரம் சராசரியாக 27 வினாடிகள். பாதிப் பார்வைகள் 17 வினாடிகளுக்குள் முடிந்துவிட்டன. அங்கே கவனித்தது புகழ்பெற்ற ஓவியங்களுக்கு முன் நின்றவர்களை. பெயரே கேள்விப்படாத ஒருவரின் நிறுவல் கலைக்கு (அறையையே படைப்பாக்கிப் பொருள்களை அடுக்கி வைப்பது) முன் எவ்வளவு நேரம் நிற்போம் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

சில படைப்புகள் அந்த நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. லண்டன் டேட் அருங்காட்சியகத்திடம் மார்க் ரோத்கோவின் பெரிய ஓவிய வரிசை ஒன்று இருக்கிறது. கருஞ்சிவப்பு, அடர் பழுப்பு, கறுப்பு. அவற்றை மங்கிய ஒளியில்தான் மாட்டுவார்கள். நுழைந்தவுடன் தெரிவது இருண்ட துணி மட்டும். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிய பிறகுதான் ஒரு சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு பிரிந்து தெரியும். நேர்க்கோடு என்று நினைத்த விளிம்பு புகைபோல் கலைந்திருப்பது தெரியும். ஒரு நிமிடத்தில் வெளியேறியவர் "வெறும் வண்ணம் பூசிய துணி" என்று எழுதினால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது அவ்வளவுதான். அதனால் எல்லா அறைகளையும் முடித்தாக வேண்டும் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு சுற்று சும்மா நடந்துவிட்டு, கால் தானாக நின்ற மூன்று நான்கு படைப்புகளுக்குத் திரும்பி வந்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

காணொளிப் படைப்புகளுக்கு இது இன்னும் பொருந்தும். நடுவில் நுழைந்து, அரை நிமிடம் நின்று, "ஒன்றுமே நடக்கவில்லை" என்று வெளியே வருவது சர்வ சாதாரணம். எவ்வளவு நேரம் ஓடும் என்பது பக்கத்துக் குறிப்பிலேயே இருக்கும். ஏழு நிமிடம் என்றால் உட்கார்ந்து பாருங்கள். கிறிஸ்டியன் மார்க்லேயின் 'கடிகாரம்' (2010) போல 24 மணி நேரம் ஓடும் படைப்பு என்றால், எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதன் காட்சிகளில் தெரியும் கடிகாரங்கள் அறைக்கு வெளியே உள்ள நேரத்தையே காட்டுவதால், மதியம் பார்த்தவருக்கும் நள்ளிரவில் பார்த்தவருக்கும் மனப்பதிவு ஒன்றாக இருக்காது.

அடுத்தது சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கக் குறிப்பு. இதில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உண்டு. ஒரு சாரார் குறிப்பைப் படித்து முடித்துவிட்டுப் படைப்பை ஒருமுறை ஏறிட்டு, குறிப்பு சொன்னது இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிறகு அவர்கள் சொல்லும் கருத்து பெரும்பாலும் குறிப்பை எழுதியவரின் கருத்து. இன்னொரு சாரார் "கலை தானாகப் பேச வேண்டும்" என்று குறிப்பைத் தொடுவதே இல்லை. அதுவும் சரியல்ல. அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுஷன்பர்க் 1953-இல், அப்போதே புகழ்பெற்றிருந்த ஓவியர் வில்லெம் டி கூனிங்கிடம் ஓர் ஓவியத்தைக் கேட்டு வாங்கி, அதை ரப்பரால் அழித்து, அழித்த தாளையே தன் படைப்பாக்கினார். சான்பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் தாளில் தெரிவது அங்கங்கே மங்கிய கறைகள் மட்டும். தலைப்பு எழுதிய சிறு பட்டை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அது இன்னொரு ஓவியரான ஜாஸ்பர் ஜான்ஸ் எழுதியது. இங்கே எழுத்தும் படைப்பின் ஒரு பகுதி. அந்தத் தகவல் தெரிந்த பிறகு அதே கறை வேறாகத் தெரியும்: எந்தக் கோடு அழிய மறுத்தது என்று கண் தேட ஆரம்பிக்கும். ஆகவே முதலில் கண், பிறகு குறிப்பு, பிறகு மறுபடியும் கண். இந்த மூன்றாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

செல்பேசி விஷயத்துக்கு வருவோம். படமே எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு யோசிக்க வைக்கிறது. அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படம் எடுத்தவர்கள், எடுக்காமல் வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. முழுப் படம் கலைக்கூடத்தின் தளத்திலேயே கிடைத்துவிடும். உங்கள் கண்ணை இழுத்த ஒரு தையல், ஒரு துரு, ஒரு விரிசல் இருந்தால் அதை எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

தொடலாமா கூடாதா என்பதில் நடக்கும் தவறுகள் கொஞ்சம் ஆபத்தானவை. 2007-இல் பிரான்சின் அவிஞோன் நகரில் சை டுவாம்ப்ளியின் வெள்ளைக் கேன்வாஸ் ஒன்றை ஒரு பார்வையாளர் உதட்டுச் சாயத்தோடு முத்தமிட்டுக் கறையாக்கி, நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. 2018-இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் அனிஷ் கபூரின் படைப்பில் ஒருவர் விழுந்தே விட்டார். தரையில் கரிய வட்டம் வரைந்திருப்பதுபோல் தெரிந்தது, உண்மையில் சுமார் இரண்டரை மீட்டர் ஆழமுள்ள குழி. ஏற்கெனவே பார்த்தவர் சொன்னதை நம்பியும் போக முடியாது. 2010-இல் டேட் மாடர்னில் ஐ வெய்வெய் பரப்பிய 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளின்மேல் முதலில் நடக்க அனுமதித்தார்கள். தூசு எழுந்ததால் சில நாட்களிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மறுபக்கம், தொடாமல் வந்தால் பாதியை இழக்கும் படைப்புகளும் உண்டு. ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991-இல் உருவாக்கிய ஒரு படைப்பு, அறை மூலையில் குவித்த மிட்டாய்கள். பளபளக்கும் பல வண்ணக் காகிதங்களில் சுற்றியவை. வருகிறவர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குவியலின் உத்தேச எடை 175 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 79 கிலோ. எய்ட்ஸ் நோயால் அதே ஆண்டு இறந்த அவருடைய துணைவர் ராஸின் உருவப்படம் அது. ஒவ்வொருவரும் எடுக்க எடுக்கக் குவியல் மெலிகிறது, பிறகு நிரப்பலாம். குனிந்து எடுக்கும்போது காகிதம் சரசரக்கிறது. வாயில் இனிப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே, ராஸின் பெயர் உள்ள தலைப்பில் கண் விழுகிறது. "மிட்டாய் கொடுத்தார்கள்" என்று எழுதுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். இனிப்பும் அந்தப் படைப்பில் இருக்கிறது. ஆனால் எடுத்த கை தயங்கியதா என்பதையும் அவர் எழுதியிருக்கலாமே என்று தோன்றும். எதைத் தொடலாம், எதில் ஏறலாம் என்பதை அறையில் நிற்கும் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அந்த ஒரே படைப்போடு நிற்பவர் அவர். மக்கள் அதன் முன் என்ன செய்கிறார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் குறிப்பிலும் இல்லாத பதில் கிடைக்கும்.

"இதை என் பிள்ளைகூட வரைந்துவிடும்" என்பது எல்லா மொழியிலும் உள்ள புகார். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், அரூப ஓவியர்களின் (அடையாளம் காணும் உருவங்கள் இல்லாமல் வரைபவர்கள்) படைப்புகளையும் குழந்தைகளும் விலங்குகளும் தீட்டியவற்றையும் ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள். கலை படிக்காதவர்களும், குருட்டாம்போக்கில் ஊகித்தால் கிடைக்கக்கூடியதைவிடக் கூடுதலாக, ஓவியர் வரைந்ததையே தேர்ந்தார்கள். பெயர்களை மாற்றி ஒட்டியபோதும் அப்படித்தான். அதாவது, வித்தியாசம் உங்களுக்கும் தெரிகிறது. எங்கே தெரிகிறது என்று தேடிப் பார்க்கும் பொறுமைதான் தேவை. விலைப்பேச்சும் இதே ரகம். 2019-இல் மௌரிசியோ கத்தெலான் சுவரில் ஒட்டிய வாழைப்பழம் 2024-இல் 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது எல்லோருக்கும் தெரியும். பழம் எந்த உயரத்தில் ஒட்டப்பட்டிருந்தது, அழுகத் தொடங்கினால் என்ன செய்வார்கள் என்று நேரில் போனவர்கள்கூட அபூர்வமாகவே சொல்கிறார்கள்.

களைப்பைக் கலையின்மேல் ஏற்றுவதும் உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே அருங்காட்சியகக் களைப்பைப் பற்றி எழுதி, பார்வையாளர் எப்படியெல்லாம் குனிந்து வளைந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று புகைப்படங்களோடு காட்டினார். கடைசி அறை உங்களுக்குச் சலிப்பாக இருந்தால், அது கடைசி அறையாக இருந்ததாலா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எழுதுவது. "அருமை", "அனைவரும் காண வேண்டியது", "பண விரயம்" ஆகியவற்றால் யாருக்கும் பயனில்லை. "நான்காம் அறையில் சத்தம் தாங்கவில்லை" என்பதோடு நிறுத்தாமல், "நான்காம் அறையில் இரும்புத் தகடுகள் உரசும் ஒலி. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அடுத்த அறையில் நின்றபோதும் அந்த ஒலி எப்போது மறுபடி வரும் என்று காது காத்திருந்தது" என்று எழுதிப் பாருங்கள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று இதில் சொல்லவே இல்லை. ஆனாலும் படிப்பவருக்குப் போகலாமா என்று தெரிந்துவிடுகிறது. காட்சியை அமைத்தவருக்குத் தன் அறை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். எது பிடிக்கவில்லை என்பது அதற்கு முந்தைய வரியில் இருக்கட்டும். லிஃப்ட், கழிப்பறை, டிக்கெட் வரிசை பற்றிய புகார்கள் அவசியமானவை, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு மிக அவசியமானவை. ஆனால் அவற்றைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். வரிசையில் நின்ற கோபம் ஓவியத்தின்மேல் இறங்கிவிடக் கூடாது.

அன்றைக்கு இரவே எழுதிவிடுவது நல்லது. மறுநாள் மற்றவர்களின் கருத்துகள் நம்முடையவற்றோடு கலந்துவிடும். அதே காட்சிக்கு மறுபடி போய், மனம் மாறிவிட்டது என்றால் பழைய குறிப்பை அழிக்க வேண்டாம். தேதி போட்டு, கீழே புதியதை எழுதுங்கள்.